ஆறு பத்துக்கு வந்த அழைப்பு

மாமனாரின் கண்ணாடிக் கடைக்கு நான் போனது அன்றுதான் முதல் முறை. எங்கள் கல்யாணம் பிடிக்காமல் அவர் மகளோடு இரண்டு வருடம் பேசாமல் இருந்தார். அவள் இறந்து ஆறு மாதம் ஆகிறது. இப்போது என்னோடு பேசுகிறார்.

தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கும் அலுவலகத்தில் எனக்கு வேலை. எண்கள் மங்கலாகத் தெரிகின்றன என்று மாமியாரிடம் சொன்னேன். "நம்ம கடை இருக்கறப்ப வெளிய எதுக்குக் காட்டணும்?" என்று அனுப்பிவைத்தார்.

உள்ளறையில் மாமா விளக்கை அணைத்தார். கனமான சோதனைச் சட்டத்தை என் மூக்கில் மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டார். எதிரே எழுத்து அட்டை மட்டும் வெளிச்சமாக இருந்தது.

"இது தெளிவா, முன்ன போட்டது தெளிவா?"

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு."

"அப்படிச் சொன்னா எப்படி மாப்பிள்ளை? உங்களுக்கு எடைக்கல்லு இருக்கு. வச்சா சரியா தப்பான்னு தெரிஞ்சிடும். எனக்கு வந்தவங்க வாய்தான். ஒரு லாரி டிரைவர் லைசென்ஸுக்காக அட்டை முழுக்க மனப்பாடம் பண்ணிட்டு வந்தான். அட்டையைத் திருப்பி வச்சேன். அப்பவும் படிச்சான்."

சிரித்தேன் என்று நினைக்கிறேன். அடுத்த வில்லையை அவர் போடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"அவ போன அன்னைக்குக் காலையில ஆறு பத்துக்கு அவ கூப்பிட்டா. பாத்ரூம்ல இருந்தேன்னு உங்க அத்தைகிட்ட சொல்லியிருக்கேன். பொய். போன் என் கையிலதான் இருந்துச்சு. அவ பேரைப் பாத்தேன். இப்பதான் ஞாபகம் வந்துச்சாக்கும்னு விட்டுட்டேன். ஏழு மணிக்கு மனசு கேக்காம நான் கூப்பிட்டா, நீங்க எடுத்தீங்க."

நான் சோதனைச் சட்டத்தைக் கழற்றினேன்.

"கடைசியா அப்பனைத் தேடியிருக்கான்னு உங்க அத்தைக்கு ஒரு ஆறுதல். எனக்கு அதேதான் குத்துது."

மாமியாரின் ஆறுதல் எனக்கும் தெரியும். ஆறு மாதமாக நான் வாய் திறக்காமல் இருந்தது அதனால்தான். மாமா வேண்டுமென்றே போனை எடுக்கவில்லை என்பது தெரியாது.

"மாமா, அவ கூப்பிடல. நான்தான் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில அஞ்சு அம்பதுக்கே முடிஞ்சிருச்சு. ராத்திரி என் போனை வீட்டுலயே விட்டுட்டு ஆம்புலன்ஸ்ல ஏறியிருந்தேன். அவ போன்தான் கையில இருந்துச்சு."

இருட்டில் அவர் முகம் தெரியவில்லை.

"அப்ப நான் எடுத்திருந்தாலும்..."

"அவ பேசியிருக்க மாட்டா."

"என்கிட்ட பேசணும்னு அவ நினைக்கவே இல்லையா?"

"தெரியல மாமா. ராத்திரியிலிருந்தே அவளுக்கு நினைவில்ல."

"அப்புறம் ஏன் என்னைக் கூப்பிட்டீங்க? உங்க அண்ணன் இருக்காரே."

"போன் பூட்டியிருந்துச்சு. திறக்கத் தெரியல. திறக்காமலே அவசரத்துக்குக் கூப்பிடன்னு ஒரே ஒரு நம்பர் வச்சிருந்தா. உங்க நம்பர்."

முக்காலியில் உட்கார்ந்தார். வில்லையைச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அது எப்ப வாங்கின போன்?"

"போன வருஷம்."

"நாங்க பேசாம இருந்தப்ப."

"ஆமா."

"நல்லாத் தெரியுமா?"

"நான்தான் வாங்கிக் கொடுத்தேன்."

அதில் பொய் இல்லை. ஆனால் பழைய போனில் இருந்ததையெல்லாம் கடைக்காரர் அப்படியே புதியதில் ஏற்றிக் கொடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த நம்பரும் அதோடு வந்திருக்கலாம். கல்யாணத்துக்கு முன்பே வைத்ததாக இருக்கலாம். பிறகு அவளே வைத்ததாகவும் இருக்கலாம். பூட்டைத் திறந்தாலும் அது தெரியப்போவதில்லை.

மாமா எழுந்து விளக்கைப் போட்டார். கண்கள் சிவந்திருந்தன.

"உங்க அத்தைகிட்ட இதைச் சொல்லணும். நான் எடுக்காம விட்டதையும் சேத்துதான் சொல்லணும்."

"சொல்லுங்க மாமா," என்றேன்.