சூடாகாத பெட்டி

பெட்டி சூடாகவில்லை என்பதுதான் கார்குழலியின் பெருமையே. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், மைக் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. பழைய வகை ஆம்ப்ளிஃபயர் இருக்கிறதே, அது ஓர் ஊதாரி. வாங்கும் கரண்டில் பாதியைச் சத்தமாக்கி, மீதியை வெறும் சூடாக வெளியே தள்ளும். புதிய வகையில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் மாறி மாறித் திறந்து மூடும். ஒன்று மூடி மற்றது திறப்பதற்குள் துளி இடைவெளி வேண்டும். அது குறைந்தால் இரண்டும் ஒருசேரத் திறந்து, கரண்ட் குறுக்கே பாய்ந்து, பெட்டி கொதிக்கும். கூடினால் பாட்டு கரகரக்கும். அந்த இடைவெளியோடு வெயில்காலம் முழுக்க மல்லுக்கட்டி, எத்தனையோ டிரான்சிஸ்டரைப் புகைய விட்டு, ஒருவழியாகப் படிய வைத்திருந்தாள். முதலாளி புருஷோத்தமன் ஒரு பெட்டியை அவளிடமே கொடுத்து வெளியில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். அப்பாவைத் தவிர வேறு யாரிடம் கொடுப்பாள்? அவருடைய மைக்செட்டின் பழைய பெட்டியும் அப்போதுதான் எரிந்துபோயிருந்தது.

அப்பா பெயர் அம்மாவாசை. மில்லில் தறி ஓட்டியவர். மில்லை மூடிய பிறகு நெல்லித்தோப்பில் மைக்செட் வைத்தார். கல்யாணமோ சாவோ, அந்தப் பக்கத்தில் அவரைத் தேடித்தான் ஆள் வரும். கொஞ்ச காலமாக அவரைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது. கூப்பிட்டால் திரும்புவதில்லை, தலைக்கனம் ஏறிவிட்டது என்றார்கள். வீட்டிலும் அப்படித்தான் என்று கார்குழலிக்குக் கோபம். இரண்டு நாள் அவரோடு பேசாமல்கூட இருந்து பார்த்தாள். அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

பக்கத்துத் தெரு வீராயி செத்த அன்று மதியம் அப்பா புதிய பெட்டியைச் சாவு வீட்டுக்கு எடுத்துப் போனார். பெட்டி எப்படி வேலை செய்கிறதென்று பார்க்கக் கார்குழலியும் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனாள். வீராயியின் தங்கை வசந்தா மைக்கைப் பிடித்து ஒப்பாரி சொல்ல ஆரம்பித்தாள். சத்தம் அளவாக, தெளிவாக வந்தது. அழாதவர்களும் அழுதார்கள். பிறகு ஏனோ சத்தம் ஏறியது. இன்னும் ஏறியது. குழாய் ஸ்பீக்கர் வீறிட்டது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு கத்தின. வீராயியின் மகன் சாமிக்கண்ணு குறைக்கச் சொல்லிக் கூவினான். அப்பா குனிந்த தலை நிமிராமல் இன்னும் திருகினார். வசந்தா மைக்கைக் கீழே வைத்துவிட்டாள். அக்காவுக்காக அழுத அழுகை பாதியில் நின்றது.

கார்குழலி ஓடிப்போய்ச் சத்தக் குமிழைப் பிடித்து இறக்கினாள். அவருடைய இன்னொரு கை பெட்டியின் மேல் விரித்து வைத்தபடி இருந்தது. அவர் அவளுடைய வாயையே பார்த்தார்.

"பொட்டி ஜில்லுன்னே இருக்குதும்மா. சத்தம் வரலன்னு நெனச்சிட்டேன்."

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாள் அவர் கையால்தான் கேட்டிருக்கிறார். பழைய பெட்டியில் சத்தம் கூடக்கூடச் சூடும் கூடும். உள்ளங்கை பொறுக்காத சூடு வந்தால் போதும் என்று நிறுத்திக்கொள்வார். அந்தச் சூட்டைத்தான் அவள் பாடுபட்டு ஒழித்திருந்தாள்.

சாயங்காலம் அவள் கேட்டபோது அவர் மறைக்கவில்லை. தறிச் சத்தத்திலேயே காது போய்விட்டது என்றும், அம்மாவுக்குக்கூடத் தெரியாது என்றும் சொன்னார். டாக்டரிடம் போகலாம் என்றாள். மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"காதுல மிஷின மாட்டிக்கினு போனா, செவுடன எவம்மா மைக்செட்டுக்குக் கூப்புடுவான்?"

மறுநாள் கம்பெனியில் பெட்டியைத் திறந்து, அந்த இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். சூடு ஏறியது. கையை வைத்துப் பார்த்தாள். அப்பாவின் பழைய பெட்டி போலவே சுட்டது. இவ்வளவுதானா என்று சந்தோஷத்தில் கண் கலங்கியது. அப்புறம்தான் பார்த்தாள், பாட்டு வரும் ஒயரை அவள் சொருகவே இல்லை. சத்தமே இல்லாமல் பெட்டி சுட்டுக்கொண்டிருந்தது. இது கிசுகிசுத்தாலும் சுடும், வீறிட்டாலும் சுடும். அவருடைய கைக்குப் பொய் சொல்லும். திருப்புளியை எடுத்து இடைவெளியைப் பழையபடி வைத்தாள்.

"நான் கூட்டத்துக்குக் கடைசில நிக்கறேம்பா," என்றாள் வீட்டுக்கு வந்து, அவர் முகத்துக்கு நேராக. "கையத் தூக்குனா ஏத்து. எறக்குனா கொற."

"எல்லாரும் பாப்பாங்களே."

"பாப்பாங்கதான்."

அவர் எழுந்து வெளியே போனார்.

ஆயுத பூஜை அன்று காலை பெரிய மார்க்கெட்டில் பூக்கடைக்காரர்களின் பூஜை. மைக்செட் அவருடையதுதான். சாமிக்கண்ணுவும் கூட்டத்தில் இருந்தான். பூக்கடைக்காரர் சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்தார். என்ன பேசுகிறார் என்று பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. கடைசி வரிசையில் கார்குழலி கையைத் தலைக்கு மேலே தூக்கினாள். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் அவளைப் பார்த்தார்கள், யாருக்கு ஜாடை காட்டுகிறாள் என்று முன்னால் எட்டிப் பார்த்தார்கள். அப்பா குனிந்தே இருந்தார். தலைவர் மைக்கைத் தட்டினார். கூட்டம் சலசலத்தது. அவளுக்குத் தோள் வலித்தது, கையை இறக்கவில்லை.

அப்பா பெட்டியின் மேலிருந்து கையை எடுத்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, அத்தனை தலைகளுக்கும் மேலாக, மகளைத் தேட ஆரம்பித்தார்.