செம்பூர் விடுதியில் கோலாட்டம்

காலையிலிருந்து தோல் கிடங்கில் ஈரத்தோல் சுமந்தவனுக்கு, சாயங்காலம் தாராவியிலிருந்து செம்பூர் போய்க் கோலாட்டம் சொல்லிக்கொடுக்க எங்கிருந்து தெம்பு வரும்? ஆனாலும் நாலு மாதம் போனேன். மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன் படுகிற பாடு அது.

பார்வையற்றோர் விடுதியில் எட்டுப் பேர். எல்லாரும் நாற்காலிக்குப் பிரம்பு பின்னுகிறவர்கள். மூன்று பேர் மராட்டிக்காரர்கள் என்பதால் என் சொற்களெல்லாம் இந்திக்கு மாறிவிட்டன. உள்ளே வர ‘அந்தர்’, விலக ‘பாஹர்’, நிற்க ‘ருக்கோ’. ஒவ்வொன்றையும் அடிக்கு முந்தியே சொல்லியாக வேண்டும். நான் ஒரு தாளம் பிந்தினால் கோல் அடுத்தவன் விரலில் விழும். விரல் போனால் அவர்களுக்குப் பிரம்பும் இல்லை, சோறும் இல்லை. ஒருத்தனுக்கு அடிபட்டாலும் பொறுப்பு என்னுடையது என்று மேலாளர் கறாராகச் சொல்லியிருந்தார்.

ஆண்டு விழாவன்று யாரோ பேண்டு செட்டைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். மெதுவாக வாசியுங்கள் என்று கெஞ்சினேன். கேட்டால்தானே! இந்தி சினிமாப் பாட்டை எடுத்துக்கொண்டு பறந்தார்கள். நானும் அதற்கு ஈடுகொடுத்து, இரண்டு தாளத்துக்கு ஒரு அடியாகக் குறைத்து, தொண்டை கிழியக் கத்தினேன். ஆட்டம் நன்றாகத்தான் போனது. ஜனம் கைதட்டியது.

கடைசிச் சுற்றில் நிறுத்த வேண்டிய இடம் வந்தது. வாயைத் திறந்தேன், வெறும் காற்றுதான் வந்தது. அலுத்துப்போன உடம்பு, ஊரில் இருபது வருஷம் ஆட்டுவித்த பழக்கத்தில், வலது கையை உயரத் தூக்கியது. கண் தெரியாத எட்டுப் பேருக்கு முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்!

பேண்டுக்காரர்கள் அதைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினார்கள். ஆடியவர்களில் சிலர் திகைத்து நின்றார்கள், சிலர் அடித்துவிட்டார்கள். நஜிமுதீனின் கோல் இசக்கிப்பாண்டியின் ஆள்காட்டி விரலில் இறங்கியது.

ஈரத்துணி சுற்றிய விரலை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான் இசக்கிப்பாண்டி. என் காலடி கேட்டு நிமிர்ந்தான்.

“ஏசாதீங்க அண்ணாச்சி. நீங்க ருக்கோன்னு சொன்னது எனக்குத்தான் கேக்கல. பேண்டு சத்தத்துல கோட்டை விட்டுட்டேன்.”

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்குள் மேலாளர் வந்துவிட்டார். நிற்கச் சொன்னாயா இல்லையா என்று என்னிடம் இந்தியில் கேட்டார்.

சொன்னேன் என்று தலையை ஆட்டினேன்.

“என்ன அண்ணாச்சி, சத்தத்தையே காணோம்?” என்றான் இசக்கிப்பாண்டி. “அவருக்கு ஏதாச்சும் பதில் சொல்லுங்க.”