எட்டாவது பாட்டுக்குத் துணை இல்லை

படீரென்று கதவு திறந்தது. வெளியே சிவப்பு விளக்கு எரியும்போதும் ஒலிப்பதிவு அறைக்குள் இப்படி நுழையக்கூடியவன் உலகத்தில் ஒருவன்தான். அவளுடைய அண்ணன்.

மைக் முன்னால் நின்றவள் பாட்டைப் பாதியில் நிறுத்தினாள்.

"கெடுத்துட்டேனா?" என்றான் அண்ணன்.

"கெடுக்கிறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல." கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்து இன்ஜினியரின் குரல் வந்தது. மழமழவென்று சவரம் செய்த முகம். ஆனாலும் எல்லோருக்கும் அவர் 'மீசை'தான். "இது பதினாலாவது தடவை. பதினாலும் குப்பை."

"உன்னை யாருண்ணா வரச் சொன்னது?"

"நான்தாம்மா போன் பண்ணேன்," என்றார் மீசை. "மணி நாலே கால். ஆறு மணிக்கு சோப்பு விளம்பரக்காரங்க வந்து உட்கார்ந்துடுவாங்க. நாளைக்குக் காலையில ஆல்பம் அச்சுக்குப் போகணும். எட்டாவது பாட்டை அண்ணன் பாடிட்டா வேலை முடிஞ்சுது."

அண்ணனுடைய ராக் குழுவில் பன்னிரண்டு வருடமாக பேஸ் கிட்டார் வாசிப்பவள் அவள். தடித்த நான்கு கம்பிகள். காதில் விழுவதற்கு முன்பே நெஞ்சில் வந்து இடிக்கும் சத்தம். குழுவின் நான்கு ஆல்பங்களுக்கும் டிராக் எனப்படும் மாதிரிக் குரலைப் பாடியதும் அவளே. வாசித்துக்கொண்டே அவள் பாடி வைப்பாள். பிறகு அதன் இடத்தில் அண்ணன் பாடுவான். அவன் பாடும்போது அறையில் ஒருவரும் இருக்கக் கூடாது. தங்கையையும் வெளியே அனுப்பிவிடுவான். தலைக்கனம் என்று குழுவே முணுமுணுக்கும்.

இது அவளுடைய சொந்த ஆல்பம். ஏழு பாட்டில் ஏழு நண்பர்கள் சேர்ந்து பாடியிருந்தார்கள். எட்டாவதில் மட்டும் அவள் குரல் ஒன்றுதான் என்று முதல் நாளே முடிவு செய்திருந்தாள்.

"நான் பாடட்டுமா?" அண்ணன் மெதுவாகக் கேட்டான்.

"வேண்டாம்."

"நேரம் இல்லடி."

"ஒண்ணே முக்கால் மணி நேரம் இருக்கு. நீ அந்த ஸ்டூல்ல உட்காரு. வாயைத் திறக்காத."

கடைசியாகப் பாடியதை மீசை போட்டுக் காட்டினார். சுருதி சரி, தாளம் சரி. ஆனால் யாரோ எழுதிய லீவு லெட்டரை வாசிப்பதுபோல் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்தபோது குனிந்து பார்த்தாள். இல்லாத கம்பிகளை அவளுடைய விரல்கள் தொடையில் தேடிக்கொண்டிருந்தன.

"காலையில வாசிச்ச பேஸை அழிச்சிடுங்க," என்றாள்.

"என்னது?"

"வாசிச்சுக்கிட்டே பாடப் போறேன். சும்மா நின்னு பாட எனக்கு வராது."

"கம்பி சத்தம் டக்கு டக்குன்னு குரல் மைக்ல விழும்மா. அதுக்குத்தானே தனித்தனியா எடுத்தோம்? பேஸ் அவ்வளவு சுத்தமா வந்திருக்கு, அதையும் அழிச்சிட்டா கையில ஒண்ணுமே இருக்காது."

"அது இருக்கிற வரைக்கும் எனக்கு வேற வழி இருக்குன்னு தோணும். அழிங்க."

மீசை அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஸ்டூலில் போய் உட்கார்ந்தான். பொத்தான் அழுந்தியது.

அவள் நேராகத் தேநீர் அறைக்குப் போனாள். பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சைப் பிழிந்து, கத்தரியால் பாதியாக வெட்டிக் கொண்டுவந்து, கம்பிகளின் அடியில் செருகினாள். தட்டிப் பார்த்தாள். டக்கு டக்கு பாதிக்கு மேல் அடங்கியிருந்தது.

"இன்னும் கொஞ்சம் கேக்குது," என்றார் மீசை.

"கேக்கட்டும். பாத்திரம் நீங்க நாளைக்குக் கழுவிக்கோங்க."

முதல் முறை இரண்டாவது சரணத்தில் மூச்சு நின்றது. அடுத்த முறை பாதியில் ஸ்பாஞ்ச் நழுவி விழுந்தது. எடுத்துச் செருகிவிட்டு, ஐந்தரைக்கு மறுபடி தொடங்கினாள். இந்த முறை கண்ணை மூடவில்லை. மைக்கைப் பகையாளியைப் பார்ப்பதுபோல் முறைத்துக்கொண்டே பாடினாள். மூன்றாவது சரணத்தில் ஒரு விரல் வழுக்கியது. நிற்கவில்லை. வழுக்கிய இடத்திலேயே காலை ஊன்றிக்கொண்டு மேலே போனாள். கடைசிக் கம்பி அதிர்ந்து அடங்கும்வரை அறையில் யாரும் அசையவில்லை.

"ஒரு இடத்துல விரல் தப்பிடுச்சு," என்றார் மீசை.

"தெரியும். இருக்கட்டும்."

"இருக்கட்டும்," என்று அவரும் சொல்லிவிட்டு, ஒலிநாடாப் பெட்டியின் மேல் 'எட்டு' என்று எழுதினார்.

அவள் கிட்டாரை இறக்கி வைத்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினாள். "என்ன, வழக்கம்போல இதையும் அழிச்சிட்டு மேல பாடப் போறியா?"

அண்ணன் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"உன் டிராக்கை நான் ஒருநாளும் அழிச்சதில்ல, உன்னை வெளியே அனுப்பிட்டு, அதை ஹெட்போன்ல கேட்டுக்கிட்டுத்தான் நாலு ஆல்பமும் பாடினேன்."