தொண்டை மேடம்

எத்தனையோ வருஷமாகப் படிக்க ஆசைப்பட்ட ஒரு நாவலைப் போன வாரம்தான் படித்து முடித்தேன். இதற்காகவா இவ்வளவு காலம் காத்திருந்தோம் என்று ஆகிவிட்டது.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டராகச் சேர்ந்த புதிதில் அந்தப் புத்தகம் எங்கள் ஓய்வறையில் கைமாறிக்கொண்டிருந்தது. ஒரு நகரம்; அங்கே வீட்டுக்கு வீடு சுவரில் ஒரு காது பதித்திருக்கும்; யார் எதைப் பேசினாலும் அரசாங்கத்துக்குப் போய்விடும். படித்தவர்கள் எல்லாம் பேயறைந்த மாதிரி திரிந்தார்கள். என் முறை வருவதற்குள், புத்தகத்தை வைத்திருந்தவள் கல்யாணமாகிப் போகும்போது புருஷனோடு சேர்த்து அதையும் கொண்டுபோய்விட்டாள். படிக்காத புத்தகத்துக்கு உண்டான மவுசோடு அது என் மனசில் தங்கிவிட்டது.

இப்போது அதை எங்கிருந்தோ தேடிப் பிடித்துக் கொடுத்தது ட்ரங்க். என்னோடு வேலை பார்த்தவள், அடுத்த தெருவில் இருக்கிறாள். வெளியூர் ட்ரங்க் கால்களுக்குக் கத்திக் கத்திப் பழகிய தொண்டை, பட்டப்பேரும் அதில்தான் வந்தது. பக்கத்து நாற்காலியில் இருப்பவளிடமும் பக்கத்து ஊரில் இருப்பவள் மாதிரிதான் பேசுவாள்.

"கேமரா வைக்கக் கூடாதுன்னு உன் பொண்ணுகிட்ட மல்லுக்கட்டிட்டு இருக்கியே, இதப் படிடி. அவ வாய அடைக்கிற மாதிரி ஏதாவது பாயின்ட் கிடைக்கும்" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி.

நான் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து, வெளியூரில் இருக்கும் என் மகள் ஹாலில் கேமரா வைத்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அவள் பல் டாக்டர். வாயைப் பிளந்து கிடப்பவர்களிடமே பேசிப் பழகியவள். எதிராளி பதில் சொல்வார் என்ற நினைப்பே அவளுக்குக் கிடையாது. எனக்கோ, ஷோகேஸ் பொம்மை ஆகிவிடுவேனோ என்று பயம். தலையை விரித்துப் போட்டு உட்காரவும், அவள் அப்பாவின் படத்தைப் பார்த்து நாலு வார்த்தை திட்டவும் இந்த வீட்டில் எனக்கு இடம் இருக்கிறது. அதுவும் போய்விட்டால் இது யார் வீடு?

ஆக, சண்டைக்கு ஆயுதம் தேடித்தான் புத்தகத்தைத் திறந்தேன். எழுதியவர் பெரிய ஆள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மனிதர் ஜென்மத்தில் ஹெட்போன் மாட்டியதில்லை என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்பவர்களுக்குப் பேர் இல்லை, முகம் இல்லை. ஒருத்தருக்கும் காது மடல் புண்ணாகவில்லை. ஒருத்தரும் கொட்டாவி விடவில்லை. யாரோ ஒரு புருஷன் பெண்டாட்டி சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், அவர்கள் சமாதானம் ஆனார்களா இல்லையா என்று சோறு இறங்காது நமக்கு. அந்த அவஸ்தைகூட அவர்களுக்கு இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தடிப் புத்தகத்தில் ஒருத்தர்கூடச் செருமவில்லை.

எங்களையும் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர். எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு மேஜையில் உட்கார்ந்து, எந்த ஆபரேட்டரின் லைனிலும் நுழைவார். நுழைவது எங்களுக்குத் தெரியக் கூடாது, அதுதான் விதி. ஆனால் பாவம், அவருக்குத் தொண்டையில் ஏதோ கோளாறு. லைனுக்குள் வந்ததும் 'க்கும்' என்று ஒரு செருமல் வந்துவிடும். உடனே நாங்கள் முதுகை நிமிர்த்தி, குரலைக் குழைத்து, "நம்பர் ப்ளீஸ்" என்போம். தொண்டை மேடம் என்று பேர் வைத்தோம். இப்படியும் ஒரு உளவாளியா என்று சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். பரிதாபப்பட்டு மிளகு பொடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தவளும் உண்டு. வேறு யார், ட்ரங்க்தான்.

ஒரு நாள் என் போர்டில் விளக்கு எரிந்தது. செருகியை மாட்டி, "நம்பர் ப்ளீஸ்" என்றேன்.

"நீயேதானாம்மா?" என்றது என் அண்ணன் குரல். "அம்மா போயிட்டாங்க."

போர்டில் ஒவ்வொன்றாக விளக்குகள் எரிந்துகொண்டே போயின. யார் யாரோ யார் யாரையோ கூப்பிடக் காத்திருந்தார்கள். காதுக்குள் 'க்கும்' என்றது.

"தம்பி, நான் அவளோட சூப்பர்வைசர். இப்பவே அனுப்பி வைக்கிறேன், நீங்க வைங்க" என்றார். அப்புறம் எனக்கு மட்டும், "ஹெட்போனக் கழட்டும்மா. உன் லைனையெல்லாம் நான் பாத்துக்கறேன்."

எழுந்து வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் போர்டில் உட்கார்ந்து நாங்கள் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். அந்த லைனில் அவர் இல்லாமல் போயிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேனோ.

அவர் ரிட்டயர் ஆன அன்று எல்லோரும் சேர்ந்து ஒரு ஃபிளாஸ்க் வாங்கிக் கொடுத்தோம், வெந்நீர் தொண்டைக்கு இதமாக இருக்குமே என்று. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

"என் தொண்டைக்கு ஒண்ணும் இல்ல பொண்ணுங்களா. அடுத்தவங்க வீட்டுக்குள்ள போறப்போ கதவத் தட்டிட்டுத்தானே போவோம்?"

"அப்போ என் மிளகு?" என்றாள் ட்ரங்க்.

"எங்க வீட்டுக்காரர் முட்டைல தூவிச் சாப்பிட்டாரு. ரொம்ப நல்ல மிளகுன்னாரு."

சிரித்து முடித்த பிறகு ஒவ்வொருத்தியாக அழ ஆரம்பித்தோம்.

நாவலில் பாயின்ட் ஒன்றும் தேறாததால், மகளுக்குப் போன் போட்டு இந்தக் கதையைத்தான் சொன்னேன். "கேக்கறது தப்பில்லடி. வந்திருக்கேன்னு சொல்லாம கேக்கறதுதான் எனக்குப் பிடிக்கல" என்றேன். மறுமுனையில் ஏதோ மெஷின் கிர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"சரிம்மா, பேஷன்ட் காத்துட்டு இருக்காங்க. நாளைக்கு ஆள் வருவான், கதவத் திறந்து விடு" என்று வைத்துவிட்டாள். சுவரிடம் சொல்லியிருக்கலாம்; நாவலில் அதற்காவது காது இருந்தது.

ஆள் வந்தான். ஷோகேஸுக்கு மேலே மாட்டிவிட்டுப் போனான். தோற்றுப்போன எரிச்சலில் நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மறுநாள் காலையில் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தலைகூட வாராமல் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

'க்கும்.'

கை அப்படியே நின்றுவிட்டது. மேடம் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. இருந்தும் ஒரு கணம் காது மடலில் ஹெட்போன் அழுத்துகிற மாதிரியே இருந்தது.

"அம்மா" என்றது கேமரா, என் மகளின் குரலில். "இப்போ வரலாமா? இல்ல, அப்புறமா வரட்டுமா?"

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தாள் என் பல் டாக்டர்.

கண் நிறைந்துவிட்டது எனக்கு. முடியை ஒதுக்கிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, அவள் பக்கம் திரும்பினேன்.

"நம்பர் ப்ளீஸ்" என்றேன்.