ரங்கராஜின் மோட்டார் பெட்டி

என் நண்பன் ரங்கராஜ் மாரடைப்பில் போய் எட்டு மாதம். வெள்ளகோவில் தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கு அவனே செய்து வைத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அவன் மனைவி அன்புச்செல்வி சிங்காநல்லூரில் என் பட்டறைக்கு வந்தாள். போன் போட்டால் கரண்ட் இருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா என்று சொல்லும் பெட்டி. போனில் ஒன்றாம் எண்ணை அழுத்தினால் மோட்டார் ஓடும்.

"பேசிக்கிட்டு இருக்கறப்பவே பாதியில நின்னுக்குதுங்கண்ணா."

"உடுங்க அம்மணி, நான் பாத்துக்கறேன்."

உள்ளே பதினைந்து வருடத்துப் போர்டு. அதில் ஓடிய ஆப்பரேட்டிங் சிஸ்டம் அதைவிடக் கிழம். நண்பன் கைபட்ட போர்டைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. அதனால் ஓப்பன் சோர்ஸ் சிஸ்டங்களை ஒவ்வொன்றாகத் தேடினேன். ஒன்று இந்தச் சிப்பைக் கைவிட்டு ஆறு வருடம். இன்னொன்றுக்கு மெமரி போதவில்லை. ஒன்பதாம் நாள் ஒன்று சிக்கியது. போன மாதம்தான் வெளியான பதிப்பு, இந்தக் கிழட்டுப் போர்டுக்கும் ஓடும். பட்டறையில் தனியாக நின்று கைதட்டினேன்.

அதை ஏற்றத்தான் போர்டில் இடம் போதவில்லை. போன் நம்பர்களையும் தண்ணீர் விடும் நேரங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தை அழித்தேன். பாதி இடத்தை அடைத்திருந்த சத்தப் பதிவுகளைக் கேட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாளைக்கு முப்பது அழைப்பு வந்ததாகவும், ஒன்றை அழுத்தியது இரண்டே முறை என்றும் பழைய பெட்டி குறித்து வைத்திருந்தது. பெட்டிக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று சிரித்தேன். கெட்டது என் புத்தி.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போய் மாட்டினேன்.

"போட்டுப் பாருங்க அம்மணி."

அவள் ஸ்பீக்கரில் போட்டாள். கணீரென்று ஒரு கம்ப்யூட்டர் பெண்குரல்: "மின்சாரம் உள்ளது. மோட்டார் ஓடவில்லை." எங்கேயும் நிற்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவள் வைத்துவிட்டு மறுபடி போட்டாள். மூன்றாம் முறையும் போட்டாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பழைய பெட்டியில் "கரண்ட் இருக்குதுங்க, மோட்டார் ஓடலீங்க" என்று பேசியவன் ரங்கராஜ். பதினைந்து வருடத்துக்கு முன் அவன் பதிவு செய்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கேலி செய்தவனே நான்தான். அந்த முப்பது அழைப்பும் அதைக் கேட்கத்தான்.

"நல்லாப் பேசுதுங்கண்ணா. ஆனா பழசையே போட்டுக் குடுத்துருங்க. பாதியில நின்னாலும் பரவால்லீங்க."

"அழிச்சுபோட்டேன் அம்மணி."

என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இருங்கண்ணா, காப்பி குடிச்சுபோட்டுப் போவீங்களாமா" என்றாள்.