அஞ்சு நிமிஷம் நல்லா இருக்கும்

அவர்கள் பேசுவது இவளுக்குக் கேட்டது. இவள் பேசுவதுதான் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. நாலு மாதமாக இதே பாடு.

வேறு வேலையாக இருந்தால் சமாளித்திருக்கலாம். இவள் வேலையே பேசுவதுதான். ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு ஒரு மொழி, நோயாளிக்கு ஒரு மொழி என்று ஆகிவிட்டால், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு திரையைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்துவார்கள். அதில் இவள் முகம் வரும். வீட்டில் மேஜை முன்னால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவர் சொன்னதை இவருக்கும் இவர் சொன்னதை அவருக்கும் சொல்வாள். 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது என்பது விதி. நோயாளி நெஞ்சு அடைக்கிறது என்றால் இவளும் 'எனக்கு நெஞ்சு அடைக்கிறது' என்றுதான் சொல்ல வேண்டும். அவர் அழுதுகொண்டே சொன்னாலும் இவள் அழாமல் சொல்ல வேண்டும். பதினோரு வருடத்தில், கல்யாணமே ஆகாத அவளுக்கு நாற்பது பிரசவம் ஆகியிருந்தது. இடது காலை மட்டும் இரண்டு தடவை எடுத்திருந்தார்கள். எல்லாவற்றையும் ரயில் வரும் நேரத்தை அறிவிக்கிற மாதிரிச் சொல்லப் பழகிவிட்டாள். அப்பா போன அன்று சொந்தக்காரர்களுக்குப் போன் செய்ததும் அதே குரலில்தான். "என்னடி இது, யார் வீட்டு விஷயமோ மாதிரி சொல்றே" என்று பெரியம்மா கேட்டாள். அதற்கும் அதே குரலில் "இல்ல பெரியம்மா, நம்ம வீட்டு விஷயம்தான்" என்று சொன்னாள்.

திங்கட்கிழமை மத்தியானம் மேற்பார்வை பார்க்கிற அம்மாள் கூப்பிட்டாள். அங்கே இவளுக்குப் பேர் கிடையாது, நம்பர்தான். போன வாரம் நடந்ததை அவள் எடுத்துச் சொன்னாள். டாக்டர் ஒருவர், இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாது என்றிருக்கிறார். இவளும் ஒழுங்காகத்தான் சொன்னாள். ஆனால் 'வெறும் வயித்துல சாப்பிட' என்பது வரைதான் அந்தப் பக்கம் போயிருக்கிறது. வால் அறுந்துவிட்டது. நோயாளி நன்றாகத் தலையை ஆட்டிவிட்டு மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாக அதைப் போட்டுக்கொண்டிருக்கிறார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, வாந்தியோடு போயிற்று.

"வியாழக்கிழமை பத்து மணிக்கு ஒரு சோதனை வீடியோ கால் வெக்கிறேன், முப்பத்தேழு. அன்னைக்கும் குரல் விட்டு விட்டு வந்தா உங்களைப் பட்டியல்லேருந்து எடுக்கத்தான் வேணும். எனக்கு வேற வழி இல்ல."

சரி என்றாள். ஏதாவது சொல்லணுமா என்று அந்த அம்மாள் கேட்டாள். இல்லை என்றாள்.

போனை வைத்துவிட்டுக் கழுவின டம்ளரை எடுத்து இன்னொரு தரம் கழுவினாள். ஐம்பத்தொரு வயதில் இந்த வேலை போனால் இன்னொன்று வராது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தது, அவ்வளவுதான்.

அவள் ஒன்றும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. கீழ்வீட்டில் ஒருவர் இருந்தார், ஒரு காலத்தில் ரேடியோ ரிப்பேர் செய்தவர். கம்பி உள்ள எதுவும் தன் இலாகாதான் என்பது அவர் எண்ணம். இன்டர்நெட் மோடத்தை உயரத்தில் வை என்றார். பீரோ மேல் வைத்தாள். காற்றோட்டம் வேண்டும் என்றார். ஜன்னலுக்கு மாற்றினாள். கடைசியில் அது கவிழ்த்துப்போட்ட ஒரு பாத்திரத்தின் மேல் சாமி மாதிரி உட்கார்ந்திருந்தது. "மைக்ரோவேவை அணைச்சு வெச்சுப் பாத்தியாம்மா?" என்று ஒரு நாள் கேட்டார். வீட்டில் மைக்ரோவேவ் இல்லை என்றாள். "அப்ப காரணம் அது இல்ல" என்று, பாதி நோயைக் கண்டுபிடித்துவிட்டவர் போலப் படி இறங்கிப் போனார்.

இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் செய்தால் அவர்கள் சொல்வது ஒன்றுதான். அணைத்துவிட்டு, முப்பது எண்ணிவிட்டு, மறுபடி போடுங்கள். எண்ணிவிட்டுப் போடுவாள். அஞ்சு நிமிஷம் நல்லா இருக்கும். அந்த அஞ்சு நிமிஷத்துக்குள், இப்போது சரியாகிவிட்டதல்லவா என்று கேட்டுப் புகாரை மூடிவிடுவார்கள். ஆறு புகார் அப்படி மூடியாயிற்று. திங்கட்கிழமை சாயங்காலம் ஏழாவதைக் கொடுத்து, ஆளை அனுப்பினால்தான் போனை வைப்பேன் என்றாள். அதையும் கோபம் இல்லாமல்தான் சொன்னாள். அதனாலோ என்னவோ, அனுப்பிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வந்தவள் நாற்பது வயசு டெக்னீஷியன். அவளைவிட அவள் ஏணி நீளம். காதில் பேனா. செருப்பைக் கழற்றும்போதே அக்கா என்று ஆரம்பித்துவிட்டாள். கம்பத்தில் ஏறிப் பார்த்தாள், இணைப்பைத் துடைத்தாள், ஒயரை நுனிமுதல் அடிவரை தடவிக்கொண்டு வந்தாள், ஒரு பழுதும் இல்லை என்றாள். தன் லேப்டாப்பில் ஒரு சினிமாவைப் போட்டுப் பார்த்தாள்.

"படம் ஜம்முனு ஓடுதே அக்கா."

"படம் நான் பாக்கறதில்ல. பேசறேன்."

அப்போதுதான் அவள் வேகம் அளக்கிற பக்கத்தைத் திறந்தாள். முள் ஒரு தரம் மேலே பாய்ந்தது. இன்னொரு தரம் நகரவே மனசில்லாமல் கிடந்தது. வீட்டுக்குள் இறங்குவது ஒரு பாதை, வீட்டிலிருந்து வெளியே ஏறுவது இன்னொரு பாதை என்று விளக்கினாள். இறங்குவது அறுபது இருக்கிறது, குதிரை. ஏறுவது இந்தத் திட்டத்திலேயே அஞ்சுதான், அதிலும் இப்போது அரைதான் போகிறது.

"மிச்சம் நாலரையை எவனோ முழுங்கறான். எப்பலேருந்து இப்படி?"

"நாலு மாசமா."

"அப்ப வீட்டுல என்ன மாத்துனீங்க? புது டிவி, புது போன்? புதுசா யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரல. ஒரு ஆள் குறைஞ்சுது."

"யாருக்கா?"

"அப்பா."

டெக்னீஷியன் பேனாவை எடுத்து மறுபடி காதில் வைத்தாள். "ஆள் குறைஞ்சா வேகம் கூடணுமே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். இவள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எப்படியும் எடுத்துக்கொள்ளவில்லை. அணைத்துப் போட்டால் என்ன ஆகிறது என்று டெக்னீஷியன் அடுத்தபடி கேட்டாள். அஞ்சு நிமிஷம் நன்றாக இருக்கும் என்றாள் இவள்.

"இதையில்ல முதல்ல சொல்லணும். அப்ப வீட்டுக்குள்ள ஏதோ ஒண்ணு இருக்கு. அது எழுந்து வர்றதுக்கு அஞ்சு நிமிஷம் ஆகுது."

மோடத்தின் உள்பக்கத்தை லேப்டாப்பில் திறந்து, அதில் ஒட்டிக்கொண்டிருப்பவர்களின் பட்டியலைக் காட்டினாள். இவள் கம்ப்யூட்டர் ஒன்று. இவள் போன் ஒன்று. மூன்றாவதாக, 'அப்பா ரூம்' என்று எழுதியிருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் அப்பா கட்டிலிலிருந்து விழுந்த பிறகு, வெளிநாட்டிலிருக்கிற தம்பி பார்சலில் அனுப்பின காமிரா அது. அதில் ஒரு ஸ்பீக்கரும் உண்டு. அப்பாவுக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருக்கும்போது சுவரிலிருந்து குரல் வரும். "அக்கா, போர்வை விலகியிருக்கு பாரு." "அக்கா, மாத்திரை ரெண்டா மூணா?" துடைக்கிற கை இங்கே, பார்க்கிற கண் அங்கே. ஒரு நாள் அதன் மேல் துண்டைப் போட்டு மூடினாள். உடனே போன் வந்தது, துண்டை எடுக்கச் சொல்லி. அப்பா போனதும் சுவர் பேசுவது நின்றது. அவனும் பார்ப்பதை நிறுத்திவிட்டான் என்றுதான் இவள் நினைத்தாள். நினைத்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. அவன் அதற்குப் பிறகு போனும் செய்யவில்லை.

"யாரும் போன்ல இதோட ஆப்பைத் திறக்கலைன்னா இது தூங்கும் அக்கா. திறந்து பாத்தாதான் படத்தை ஏத்தும். இது தூங்கின மாதிரியே தெரியல. ராப்பகலா யாரோ பாத்துக்கிட்டே இருக்காங்க."

தம்பியாக இருக்கும் என்றாள். டெக்னீஷியன் ஒப்புக்கொள்ளவில்லை. வேலைவெட்டி உள்ளவன் காலிக் கட்டிலை நாலு மாதம் பார்த்துக்கொண்டிருப்பானா, வெளியாள் எவனோ புகுந்திருக்கிறான், இதற்கென்றே சில பேர் இருக்கிறார்கள், முதலில் பிடுங்குங்கள் என்றாள்.

அந்த அறையில் கட்டில் இருந்தது. சுருட்டின மெத்தையை மத்தியானம் மட்டும் விரிப்பாள். மடித்த ரப்பர் விரிப்பு, கூப்பிடுவதற்கு அப்பா வைத்திருந்த சைக்கிள் மணி, அலமாரி மேல் காமிரா. ஞாயிற்றுக்கிழமை தோறும் அதைச் சுற்றித் தூசி துடைத்திருக்கிறாள், அதன் பச்சை விளக்கை நிமிர்ந்து பார்த்ததில்லை. பிளக்கைப் பிடுங்கினாள். விளக்கு அணைந்தது. கூடத்தில் டெக்னீஷியன் மறுபடி அளந்தாள். ஏறுவது நாலே முக்கால்.

"பாத்தீங்களா" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் போன் அடித்தது. தம்பி. அவனுக்கு அங்கே இன்னும் விடிந்திருக்காது.

"அக்கா. அங்க கரண்டு போயிடுச்சா?"

"இல்ல. நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன்."

"ஏன்?"

"என் குரல் ஆஸ்பத்திரிக்குப் போகல. வேலை போற மாதிரி இருக்கு. காமிராதான் எல்லாத்தையும் இழுக்குதாம். நீயா பாக்கறே?"

"ம்."

"எப்பவுமேவா?"

காமிராப் படத்தைப் பழைய போன் ஒன்றில் போட்டு அடுப்பு மேடையில் நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னான். வேலைக்குப் போனாலும் அது ஓடிக்கொண்டிருக்குமாம். அணைக்கத் தோன்றுவதில்லையாம்.

"அங்க பாக்கறதுக்கு என்ன இருக்கு? கட்டில்."

"நீதானே சொன்னே."

"நான் என்ன சொன்னேன்?"

"அப்பா போன அன்னைக்கு. டிக்கெட் கிடைக்கல, என்ன பண்றதுன்னு கேட்டேன். வர வேணாம், காமிராவுல பாத்துக்கோன்னே."

அவள் யோசித்துப் பார்த்தாள். அன்றைக்கு முப்பது பேருக்குப் போன் செய்திருப்பாள். சொல்லியிருக்கலாம். அழைப்பு முடிந்ததும் பேசினதை மறந்துவிட வேண்டும் என்பதும் அவள் வேலையில் ஒரு விதி.

"கோபமாச் சொன்னேனா?"

"இல்ல. சாதாரணமாத்தான் சொன்னே. கோபமாச் சொல்லியிருந்தா மறுநாளே சண்டை போடறதுக்குப் போன் பண்ணியிருப்பேன்."

கூடத்தில் டெக்னீஷியன், ஏற்கெனவே பார்த்து முடித்த ஒயரை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மத்தியானம் வந்து அந்தக் கட்டில்ல படுத்துக்கறே. சுவரைப் பாத்துக்கிட்டு. நீ சாப்பிடாமக்கூட வர்றேன்னு நினைக்கிறேன். நேத்து வரல. இன்னைக்குப் படமும் போச்சு. அதான்."

நேற்று மத்தியானம் மேற்பார்வை அம்மாள் கூப்பிட்டாள். அதனால்தான் போகவில்லை. தான் அங்கே படுப்பது உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று இருந்தவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வருகிறதா என்று நின்று பார்த்தாள்.

"அதுலயே பேசியிருக்கலாமே. முன்னெல்லாம் ஓயாமப் பேசுவியே."

"அது அப்பாவுக்காக. உன்கிட்ட என்னன்னு ஆரம்பிக்கறது?"

டெக்னீஷியன் தொண்டையைச் செருமினாள். போனைப் பார்க்காமல், மோடத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"வெளியாள் இல்லைன்னா, பிடுங்கணும்னு கட்டாயம் இல்லக்கா. ஆப்புல படத்தோட தரத்தைக் குறைச்சா பத்துல ஒரு பங்குதான் இழுக்கும்."

இவள் பழக்கதோஷத்தில் அதை அப்படியே போனில் சொன்னாள், ஒரு சொல் மாறாமல், ரயில் குரலில்.

"மங்கலாத் தெரியுமா?" என்றான் தம்பி.

"மங்கலாத் தெரியுமா?" என்று இவள் டெக்னீஷியனிடம் கேட்டாள்.

"மூஞ்சி தெரியாது. ஆள் இருக்கறது தெரியும்."

இவள் போனில் சொன்னாள். "என் மூஞ்சி தெரியாது. நான் இருக்கறது தெரியும்."

சொன்ன பிறகு, ஹெட்போன் மாட்டியிருக்கிறதா என்று பார்க்கிறவள் போலக் கை காதுக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை.

"அது போதும்" என்றான்.

அவன் அங்கே குறைக்க, இவள் இங்கே பிளக்கைச் செருக, பச்சை விளக்கு வர அஞ்சு நிமிஷம் ஆயிற்று. டெக்னீஷியன் அதுவரை காத்திருந்து மூன்றாம் தரம் அளந்தாள். நாலரை. புகாரைத் தானே மூடிவிடுவதாகச் சொன்னாள். மோடத்தைப் பாத்திரத்தின் மேலிருந்து இறக்கி வைத்து, இதைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மேற்பார்வை அம்மாள், பழைய தப்பை வைத்தே சோதித்தாள். வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாது என்று மூன்று தடவை சொல்லச் சொன்னாள். மூன்று தடவையும் வால் வரை போய்ச் சேர்ந்தது. "தெளிவா இருக்கு, முப்பத்தேழு" என்றாள். அதோடு அந்த விஷயம் முடிந்தது. பதினொன்றரைக்கு ஒருவருக்குப் பித்தப்பையில் கல். பன்னிரண்டேகாலுக்கு நாற்பத்தோராவது பிரசவம், பெண் குழந்தை.

ஒரு மணிக்கு ஹெட்போனைக் கழற்றினாள். வழக்கம் போல அப்பா ரூமுக்குத்தான் கால் போயிற்று. வாசல் வரை போனவள் திரும்பி, சமையலறைக்குப் போய், ஒரு தட்டில் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். பசி என்று சொல்ல முடியாது. மெத்தையை விரிக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

பாதித் தட்டு ஆனபோது சுவர் கரகரத்தது.

"அக்கா."

"ம்."

"என்ன சாப்பாடு? மங்கலா இருக்கு, தெரியல."

அவள் தட்டைக் குனிந்து பார்த்தாள்.

"நேத்து வெச்சதுதான்" என்றாள்.