கொழுந்து மடுவத்துக் கணினி

மதுஷிகா மறுபடியும் பொத்தானைத் தட்டினாள். நிரல் திறந்த கையோடு மூடிக்கொண்டது.

"மெஷினே வேணாங்குது, நீ ஏம்மா மல்லுக்கட்டுற?" என்றார் கணக்கப்பிள்ளை லோரன்ஸ்.

எல்கடுவ மலைத்தூறலில் பெண்கள் தேயிலைக் கொழுந்துச் சாக்குகளோடு, எடை போடும் மடுவத்து வாசலில் நின்றார்கள். தராசின் முகம் எப்போதும் லோரன்ஸ் பக்கமே திரும்பியிருக்கும். ஈரத்துக்கென்று அவர் எவ்வளவு கழிக்கிறார் என்பது பறித்தவர்களுக்குத் தெரியாது. தராசிலிருந்து எடையை நேரே வாங்கி, எல்லோருக்கும் தெரியப் பெரிய எழுத்தில் திரையில் காட்டும் நிரலை எழுதியிருந்தாள் மதுஷிகா. இன்று ஒரு நாள் போட்டுப் பார்க்கத் தோட்டத் துரை சம்மதித்திருந்தார். ஓடாவிட்டால் அத்தோடு சரி.

தவறு எங்கே என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மாத்தளை டவுன் அறையில் நிரலைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாகத் தொகுத்தபோது, புரொசெசர் வகையைத் தானாகக் கண்டறிந்து அதற்கேற்பத் தொகுக்கும்படி விட்டிருந்தாள். அது கண்டறிந்தது அவளுடைய புது லெப்டொப்பை. அதற்கே உரிய கட்டளைகள் இந்தக் கிழட்டுக் கணினிக்கு விளங்கவில்லை. லெப்டொப் அறையில் கிடந்தது. நல்லவேளை, மூலநிரலும் தொகுப்பியும் பென் டிரைவில் இருந்தன. இங்கேயே தொகுத்தால் இந்தப் புரொசெசரைக் கண்டுகொள்ளும். ஆனால் இது நத்தை.

தொடங்கினாள். வரிகள் ஊர்ந்தன.

"கிரெஷ்ல புள்ள அழுவும்டி, இன்னும் எவ்வளோ நேரம்?" என்றாள் முன்னால் நின்ற ஷியாமளா.

"இந்தா முடியுதுக்கா."

முடியவில்லை. கொழுந்து லொறி ஹோர்ன் அடித்தது. திரையை விட்டு எழவும் முடியாமல், இவர்களை நனையவிடவும் முடியாமல் அவள் வாசலைப் பார்த்தாள்.

"பழையபடியே நிறுங்க ஐயா," என்றாள் கடைசியில்.

"அப்புடி வா வழிக்கு."

சாக்குகள் ஒவ்வொன்றாகத் தராசில் ஏறி லொறிக்குப் போயின. மதுஷிகாவின் அம்மா மரியபுஷ்பம் மட்டும் தன் முறை வரும்போதெல்லாம் விலகிப் பின்னால் போனாள்.

"நீங்க போங்கடி. எனக்கு அடுப்புல ஒண்ணும் கொதிக்கல."

எல்லோரும் முடித்தபின் அவள் மட்டும் நின்றாள். சாக்கின் வாயை அவிழ்த்து, நிதானமாகத் திரும்பக் கட்டினாள்.

"கட்டினது போதும், கொண்டா!" என்று அதட்டினார் லோரன்ஸ்.

ஊர்ந்த வரிகள் நின்றன. மதுஷிகா தட்டினாள். நிரல் திறந்தது, மூடவில்லை. அம்மா சாக்கைத் தராசில் வைத்தாள்.

"பதினாறு," என்றார் லோரன்ஸ், பழக்கத்தில்.

அவர் முதுகுக்குப் பின்னால் திரையில் பத்தொன்பது நின்றது.

வாசலைத் தாண்டியிருந்த ஷியாமளா திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து வாசலை அடைத்து நின்றாள்.

"லொறி இன்னும் போகல ஐயா. என் சாக்க எறக்குங்க."